உதவி கேட்டு அழைத்த வீட்டில் அடிபட்டவளையே பிடித்துக் கொடுத்தது குறித்து

அனுப்புநர்:
பெத்ரோனா தியேகோ,
ஆப்பிள் தரம் பிரிக்கும் தொழிலாளி,
மனை எண் 9, சிடார் பெண்ட் டிரெய்லர் குடியிருப்பு,
ஹாலோ ரிட்ஜ் கவுண்டி.

பெறுநர்:
மாநில அட்டர்னி ஜெனரல் அவர்கள்.

பொருள்: மாநிலச் சட்டத்தை மீறி, கவுண்டி போலீசார் என் தங்கையை மத்திய குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குவாத்தமாலாவைச் சேர்ந்தவள். எனக்கு கிரீன் கார்டு உண்டு. என் தங்கை எவுலாலியாவுக்கு இல்லை. அவள் கணவர் டேரல் இந்நாட்டுக் குடிமகன். மணமாகி மூன்றாண்டாகியும் அவளுக்காக அவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கவில்லை.

2. மே 4, ஞாயிறு பகலில் டேரல் டயர் கழற்றும் கம்பியால் அவள் முகத்தில் அடித்தார். தாடை உடைந்தது. தடுத்த கையும் முறிந்தது. மூன்று பற்களைத் தரையிலிருந்து நான் பொறுக்கினேன். "போலீஸ் வேணாம்க்கா, என்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க" என்று வாய் குழறச் சொன்னாள். "இந்த மாநிலத்துல அப்படிப் பண்ண முடியாதுடி, சட்டம் இருக்கு" என்று சொல்லி அவசர உதவி எண் 911-ஐ அழைத்தவள் நானே. குடியேற்றத் துறைக்காக உள்ளூர் போலீசார் எவரையும் பிடித்து வைக்கக் கூடாது என்னும் அச்சட்டத்தை விளக்கும் துண்டறிக்கையை எங்கள் தொழிற்கூடத்தில் வழங்கியது தங்கள் அலுவலகம்.

3. கவுண்டி போலீஸ் அதிகாரியான துணை ஷெரிப் ஹோல்கம் வந்தபோது டேரல் கம்பியைக்கூடக் கீழே போடவில்லை. "இவகிட்ட பேப்பரே இல்ல சார், கேட்டுப் பாருங்க" என்றார். ஹோல்கம் கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை; பேப்பரைக் கேட்டார். ஆம்புலன்சை அழைக்காமல் மத்திய குடியேற்றத் துறை அதிகாரிகளை அழைத்தார். சட்டத்தைச் சொன்னேன். "எனக்கே சட்டமா? தள்ளி நில்லும்மா" என்றார். நீதிபதியின் உத்தரவு எதுவுமின்றி ஐம்பது நிமிடம் அவளைத் தன் காரில் பூட்டி வைத்தார்.

4. முகமூடி அணிந்த மத்திய அதிகாரிகள் நால்வர் வந்து, அவளது முறிந்த கையை முதுகுப்பக்கம் முறுக்கி விலங்கிட்டனர். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. குறுக்கே போன என் முதுகில் ஒருவர் முழங்காலை ஊன்றினார். டேரல் மீது இதுவரை வழக்கில்லை. எவுலாலியா முந்நூறு மைலுக்கு அப்பால் தடுப்புக் காவலில், வாய் திறக்க இயலாமல் இருக்கிறாள். ஜூன் 11 அவளை நாடுகடத்துவது குறித்த விசாரணை.

5. மே 18 பட்டப்பகலில், பதினான்காம் மனையில் வசித்த மிக்கேலா அடி தாங்காமல் அலறினார். குடியிருப்பு முழுவதும் கேட்டது. ஒருவரும் போலீசை அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அலறல் நின்ற பிறகே கதவை உடைத்தோம். அவருக்கு மூச்சில்லை.

ஆகவே, டேரல் மீது வழக்குப் பதியவும், ஹோல்கமை விசாரிக்கவும், அவர் சட்டையில் அணிந்திருந்த கேமராவின் பதிவைக் கைப்பற்றவும், எவுலாலியா குற்றத்தால் பாதிக்கப்பட்டவள் என்ற, அவள் இந்நாட்டில் தங்க விண்ணப்பிக்க உதவும் சான்றை ஜூன் 11 விசாரணைக்கு முன் வழங்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், அடுத்த அலறல் கேட்கும்போது நாங்கள் அழைக்கலாமா, கூடாதா என்பதைத் தாங்கள் கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டுகிறேன். குடியிருப்பின் வாசலில் ஒட்ட வேண்டும்.

இடம்: சிடார் பெண்ட்
நாள்: 26.05.2025

இங்ஙனம்,
(ஒப்பம்)
பெத்ரோனா தியேகோ