கல்குடாவில் நீ வாசித்த பத்திரம்

இன்று காலை, நான் வேலை செய்யும் சட்டத்தரணியின் அலுவலகத்தில் புதிய மைப்பெட்டி ஒன்றைத் திறந்தேன். ஊதா மையின் வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. காணி உறுதிப் பத்திரத்தில் பெருவிரல் அடையாளம் வைக்க வந்திருந்த ஓர் அம்மா, "என்ன புள்ள, சுகமில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கல்குடாவில் உன் வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையின் மேல் திறந்து கிடந்த மைப்பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒரே அறையில் தங்கியிருந்தோம். திங்கட்கிழமை ஒப்பந்தச் சட்டப் பரீட்சை. முனைவு, ஏற்பு, சம்மதம் என்று நான் தலைப்புகளை வரிசையாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். உனக்கு அப்படிப் படிக்க வராது. ஒரே விடயத்துக்கு இருவரும் ஒரே கருத்தில் உடன்பட வேண்டும் என்ற ஒற்றை வரியில் ஒரு மாலை முழுக்க நின்றாய். "அப்ப ஒருத்தர் ஒண்ட நினைச்சு ஓம் எண்டு சொல்ல, மத்தவர் வேறொண்ட எழுதினா என்ன கா நடக்கும்?" என்று கேட்டாய். அவ்வளவு ஆழமாகப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு நான் என் குறிப்புக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை உன் அம்மா தொலைபேசியில் அழைத்தார். நீங்களும் அயலவர்களும் தோணி இழுத்து வைக்கும் கடற்கரைக் காணிகளை, விடுதி கட்ட வந்தவர்கள் கேட்டிருந்தார்கள். கட்டடச் சாமான் இறக்கி வைக்க ஆறே மாதத்துக்கு. உன் அப்பா சம்மதித்துவிட்டார். பத்திரத்தோடு அவர்களின் தரகர் அன்றே வருகிறாராம். பத்திரம் இங்கிலீசில் இருக்கிறதாம்.

"நீயும் வா கா. எனக்கு இங்கிலீசு தட்டுத்தடுமாறித்தான் வரும்" என்றாய். ஆரையம்பதியிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள் நான். என் ஆங்கிலத்தில் உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாம் போய்ச் சேர்ந்தபோது உன் அப்பாவின் பெருவிரலில் மை ஏறியிருந்தது. "பொறுங்க அப்பா!" என்று படலையிலிருந்தே கத்தினாய்.

தரகர் சிரித்தார். "சும்மா ஒரு வழமைக்குத்தான் புள்ள. நொத்தாரிசு ஐயா பிறகு கையெழுத்து வைப்பார். எனக்கு இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்."

நீ பத்திரத்தை எடுத்து என்னிடம் தந்தாய். இரண்டாம் பக்கத்தின் நடுவில் கண்டுவிட்டேன். ஆறு மாதம் என்று எங்கும் இல்லை. தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிமிர்ந்தபோது தரகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "தங்கச்சி எந்த ஊர்? ஆர்ர மகள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் வீட்டையும் தேடி வருவாரோ என்று தோன்றியது. "எனக்கு வடிவா விளங்கல்ல" என்று சொல்லிப் பத்திரத்தை உன்னிடமே நீட்டினேன்.

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு நிலத்தில் குந்தி, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாய். எழுத்துக்கூட்டி, சத்தமாக, பிழைபிழையாக. தரகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. "வந்த மனிசன அவமதிக்காத மகள். நான் ஓம் எண்டு சொல்லிட்டன்" என்றார். நீ நிறுத்தவில்லை. அந்த இடத்தை விளங்காமல் தாண்டிவிடுவாயோ என்று பயந்தேன். கண்டுபிடித்தால் என் பொய் தெரிந்துவிடுமே என்றும் பயந்தேன். எந்தப் பயம் பெரியது என்பதை உன்னிடம் சொல்ல இப்போதும் கூசுகிறது.

"நைன்ரி நைன்" என்று இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுந்தாய். "அப்பா, இது தொண்ணூற்றொன்பது வருசம்."

"வாக்குத் தந்தவர்தானே?" என்று தரகர் குரலை உயர்த்தினார்.

"அவர் ஓம் எண்டது ஆறு மாசத்துக்கு. நீங்க எழுதினது வேற. ரெண்டு பேரும் ஒரே விசயத்துக்கு ஓம் சொல்லல்ல. அப்ப இதில ஒப்பந்தமே இல்ல." உன் குரல் நடுங்கியது.

அப்பா பெருவிரலை இடுப்புச் சாரத்தில் அழுத்தித் துடைத்தார். "பிறகு பாப்பம்" என்று தரகர் எழுந்தார். அவர் வாகனத்தில் ஏறுவதற்குள் அப்பா அயல் வீடுகளுக்கு ஓடியிருந்தார். அன்று அந்தக் கரையில் ஒருவரும் விரல் வைக்கவில்லை.

பஸ்ஸில் அறைக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை சம்மதம் பற்றித்தான் பெரிய கேள்வி வந்தது. எனக்கு ஏ கிடைத்தது. அந்த அலைச்சலில் களைத்துப்போய் எழுதிய உனக்குச் சாதாரண சித்திதான் கிடைத்தது.

அதற்குப் பிறகும் சிநேகிதிகளாகவே இருந்தோம். அன்றைக்கு எனக்கு விளங்கியது என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். உன் கலியாணத்தன்றும் எடுத்தேன். முடியவில்லை. போன மாரியில் டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். தோணிகளுக்குப் பக்கத்தில் அப்பா தனியே இருந்தார். "மாமா, அந்தப் பத்திரம்..." என்று தொடங்கினேன்.

"மறப்பனா மகள்? நீதானே அந்த இடத்த அவளுக்குக் காட்டிக் குடுத்த. அந்தாளுக்குப் பயத்தில வாய் திறக்காம, விரலால தொட்டுக் காட்டினயாம். அவள் எத்தின தரம் சொல்லியிருக்காள்!"

ஆக, எனக்கு விளங்கியது உனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு கணப் பார்வையிலேயே தெரிந்திருந்தது.

"இல்ல மாமா. நான் ஒண்டும் காட்டல்ல. விளங்கியும் பொய் சொன்னன். அவள் தனியத்தான் வாசிச்சவள்."

"அப்ப உனக்காக அவளும் ஒரு பொய் சொல்லியிருக்காள்" என்றார். கோபமா, துக்கமா, எனக்குப் பிடிபடவில்லை.

நீ தந்த அந்த நல்ல பெயர் எனக்குரியது அல்ல. அதைத் திருப்பித் தரவும் வழியில்லை. அலுவலகத்தில் யார் கையெழுத்து வைக்க வந்தாலும் முழுப் பத்திரத்தையும் சத்தமாகத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். நேரம் போகிறது என்று சட்டத்தரணி கடிந்துகொள்கிறார். காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். என் குரல் சில நாட்களில் நடுங்குகிறது. "விளங்கிச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை பேனையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.