காலியாக விட்ட கட்டம்

மார்ச் 4, திங்கள்
வங்கியில் புது மெஷின் ஓட ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இனி நாலு நாள் வேண்டாம், நாலு நிமிடம் போதும். பெயரும் கணக்கும் பொருந்துகிறதா என்று அதுவே பார்க்கும், பொருந்தாவிட்டால் திருப்பிவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையைப் பார்த்து வந்தவன் நான். வருத்தப்பட நேரமில்லை — மெஷின் திறப்பு விருந்தில் பன்றிக்கறி. மூன்று தட்டு.

மார்ச் 12, செவ்வாய்
பக்கத்து வீட்டு லோஹிமானா அண்ணனுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஆக்லாந்துக்குப் போய் உடனே வைத்தியம் பார்த்தால் பாதம் தப்பும் என்கிறார் டாக்டர். விசாவுக்குக் கணக்கில் எங்கள் தீவுப் பணத்தில் பன்னிரண்டாயிரம் பாங்கா காட்ட வேண்டும். பிரிஸ்பேனிலிருக்கும் தம்பி, சர்ச்சில் திரட்டி இன்று அனுப்பிவிட்டானாம். "ஒரு சிரட்டை கவா ஊத்திக் குடிக்கிறதுக்குள்ள வந்துரும்ணே" என்று அளந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13
வரவில்லை.

மார்ச் 14, வியாழன்
திரும்பிப் போய்விட்டது. லோஹிமானா என்ற பெயரில் கணக்கே இல்லையாம். எப்படி இருக்கும்? அது பெயரல்ல, பிரபுவுக்காக ஊர்ச் சபையில் பேசுகிறவருக்குக் கட்டும் பட்டம். கட்டியபின் பிறந்த பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. கூடப்பிறந்தவனும் மரியாதையாகப் பட்டத்தைத்தான் எழுதியிருக்கிறான். கணக்கோ பட்டத்துக்கு முந்தியது.

இதில் என் பங்கு — எழுதவே கூசுகிறது. மெஷினுக்குக் கணக்குக்காரர்களின் பட்டியல் தயாரித்தது நான். 'வேறு பெயர்' என்று ஒரு கட்டம். கணக்கிலிருக்கும் பழைய பெயரின் பக்கத்தில் அண்ணனின் பட்டத்தை வைக்கக் கை வரவில்லை. காலியாக விட்டேன். மெஷின் கம்பெனியின் சிட்னிப் பெண் போனில் கேட்டாள், "எல்லாருக்கும் ஒரே பேருதானா சார்?" ஆமாம் என்றேன். சார் என்று கூப்பிட்ட குஷி வேறு.

மகள் லாவினியா சொன்னாள்: "எழுதினா யாருப்பா படிக்கப் போறா? மெஷின்தானே!"
அதுகூடத் தோணலியே எனக்கு. மண்டையா இது?

மார்ச் 15, வெள்ளி
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தப் பேரோட பட்டத்தைச் சேத்து நீ எழுதியிருந்தா உதைச்சிருப்பேன்டா கெலேபி!"
அவர் மனைவி வைசிமா அக்கா சிரிக்கவில்லை. "பணம் எப்ப தம்பி வரும்?"
பிரிஸ்பேன் போய்ச் சேரவே பத்து நாள். வருவதுதான் நாலு நிமிடம், திரும்புவது பழைய வேகம். என் சேமிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து நூறு. இருபத்திரண்டு வருட உத்தியோகம்!

மார்ச் 26, செவ்வாய்
தம்பி பழைய பெயருக்கு மறுபடி அனுப்பினான். மூன்றே நிமிடம். அண்ணன் கவுண்டரில் பெனிசிமானி என்று தன் கையாலேயே எழுதினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவரால் காலை ஊன்ற முடியவில்லை.

ஏப்ரல் 5
விசா கிடைத்தது. அண்ணனும் அக்காவும் விமானம் ஏறிவிட்டார்கள்.

மே 19, ஞாயிறு
நேற்று ஊர் வந்து சேர்ந்தார்கள். காலையில் சர்ச்சுக்குப் புறப்பட, அண்ணனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். "தம்பி, ஷூ போட்டுவிடு" என்றார் அக்கா.
மண்டியிட்டேன். ஒன்றுதான். சீக்கிரம் முடிந்துவிட்டது.