போரிக்கு வைத்த பூண்டு

நம் ஹாரமின் அப்பாவுக்கு,

நம் கொரிய இனமே பூண்டில் பிறந்தது. புராணத்தில் அதை நூறு நாள் தின்ற கரடி பெண்ணாகி நம் குலத்துக்குத் தாயானாள். அதே பூண்டை ஒரு வாரம் தின்ற நம் நாய் போரி மருத்துவமனையில் கிடக்கிறாள்.

"கரடியவே மனுஷியாக்கினதுடி, உண்ணி கிட்ட வருமா?" என்று நீங்கள்தான் அவள் சோற்றில் கலந்தீர்கள். மருத்துவரோ, "நாய்க்கு அது விஷம்மா, ரத்த அணுவையே உடைச்சிடும். எந்தப் புத்திசாலி குடுத்தது?" என்றார். உங்கள் பெயரோடு பள்ளி முதல்வர் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

இன்று சமைக்கவில்லை. ஜாடியில் பூண்டு ஊறுகாய் இருக்கிறது. நூறு நாள் தின்றால் நீங்களும் மனிதராகலாம்.

பி.கு. போரி பிழைத்துவிட்டாளாம், போன் வந்தது. கூட்டிவரப் போகிறேன்.

இன்னொன்று. ஞாயிறன்று பூண்டில் ஊறிய விலா இறைச்சியை மேசைக்கடியில் அவளுக்குப் போட்டது நான்.