காலனி மாடியில் ஒரு ஜாடி

ஏப்ரல் 7, 1986, திங்கள். அரியலூர்.

காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆபீசில் ஒரே ஃபேன், அதுவும் அதிகாரியின் தலைக்கு மேல். திருச்சியில் எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்கிறவளை, அரசு வேலையை நேரில் பார்த்துக் கற்றுக்கொள் என்று இங்கே தள்ளியிருக்கிறார்கள். இதுவரை கற்றது: கோப்புக்கு நூல் கட்டுவது, டீ ஆறுவதற்குள் மேஜைக்குக் கொண்டுபோவது. அதிகாரியை இனி அ. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு மரியாதை இல்லை. என்னைப் "பாப்பா" என்கிறார். இருபத்திரண்டு வயதுப் பாப்பா.

இன்று உருப்படியாக ஒரு வேலை. சட்டசபையில் கேள்வி கேட்டிருக்கிறார்கள்: சிமெண்டு ஆலைத் தூசியால் பக்கத்துக் காலனி மக்கள் படும் அவதி அரசுக்குத் தெரியுமா, ஆலைப் புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் மெஷின் இரவில் ஓடுகிறதா. பதில் இங்கே எழுதி, திருச்சி வழியாக மெட்ராஸ் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலம், காலனியில் இருக்கும் அஞ்சலை என்ற பெண் கொடுத்த மனு.

"போன வருச பதில எடுத்து தேதிய மாத்தும்மா" என்றார் அ.

"அளந்து பாக்க வேண்டாமா சார்?"

முறைத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, "சரி, நீயே அள. ஆசப்படுற" என்றார். விழும் தூசியை அளக்கிற ஜாடி ஆபீசுக்கு வந்தது இரண்டு. அலமாரியில் இருப்பது ஒன்று. இன்னொன்றில் அ. வீட்டு எலுமிச்சை ஊறுகாய். கிளார்க் சொன்னார், சிரிக்காமல்.

ஏப்ரல் 8, செவ்வாய்.

காலனிக்குப் போனேன். வேப்பமரம் கூடச் சாம்பல் நிறம். அஞ்சலைக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பருத்திக் கொல்லையில் கூலி வேலை. ஏழு வயது மகளுக்கு இழுப்பு. பேசும்போதே அந்தக் குழந்தையின் நெஞ்சில் விசில் கேட்கிறது.

தொகுப்பு வீட்டு மாடியில், ஸ்டாண்டின் மேல் ஜாடியைத் திறந்து வைத்தேன். ஒன்பது நாள் கழித்து எடுத்து, விழுந்த தூசியை எடை போட வேண்டும்.

"இதுல தூசி உழுந்தா மெஷின ராவுலயும் ஓட்டுவாங்களா ஆபீசரம்மா? புள்ளைக்கு ராவுலதாங்க இழுக்குது."

"ஓட்டச் சொல்ல ஆதாரம் கிடைக்கும்" என்றேன். ஆபீசரம்மா என்றது பிடித்திருந்தது, மறைப்பானேன். "கவர்மெண்டு சாமான். கோழி ஏறாம பத்திரமா பாத்துக்கங்க."

ஏப்ரல் 11, வெள்ளி.

மாடி ஏறி எட்டிப் பார்த்தேன். அடியில் தூசி சாம்பலாகப் படிந்திருக்கிறது, கோடு கிழிக்கும் அளவுக்கு. தொடவில்லை. அ. முகத்தில் இதைக் கொட்ட வேண்டும் போல ஒரு வெறி. தங்கியிருக்கும் சித்தி வீட்டில் தண்ணீர் வரவில்லை, குளிக்காமல் படுக்கை.

ஏப்ரல் 14, திங்கள்.

வருஷப் பிறப்பு, ஆபீஸ் லீவு. சர்ச்சுக்குப் போகிற நமக்கு இது பண்டிகை இல்லை என்று சித்தி மீன் வாங்கிவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து வடை பாயசம் வந்தது. தலைவலி.

ஏப்ரல் 17, வியாழன்.

ஜாடியை எடுக்கப் போனேன். அஞ்சலை அதைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே நீட்டுகிறாள்.

"வருசப் பொறப்புக்கு வூட்டு சாமானெல்லாம் வெளக்குனேங்க. இதையும் சாம்பப் போட்டுத் தேச்சிட்டேன். கவர்மெண்டு சாமான அழுக்கோட குடுத்தா நம்மள என்ன நெனப்பாங்க?"

கத்தினேன். அறிவிருக்கா என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன். குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நின்றது. அஞ்சலைக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொடாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லங்க."

ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழி முழுக்க அவள் மேல் ஆத்திரம். அவள் கேட்டது சரிதான் என்பதில் இன்னும் ஆத்திரம்.

ஏப்ரல் 18, வெள்ளி.

அ.வுக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, தூசியே இல்ல. அளந்தாச்சு. எழுது." முடியாது என்றேன். கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். "அப்ப நடந்தத நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. உண்மையத்தான எழுதப்போற?"

எழுதினேன். 11ஆம் தேதி என் கண்ணால் சாம்பலைப் பார்த்தது, மனுதாரர் விவரம் தெரியாமல் பண்டிகைக்குக் கழுவியது, ஆகவே மறுபடி அளக்க வேண்டும் என்பது. இங்கே வந்து செய்த முதல் நல்ல காரியம் என்று நினைத்தேன். ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்.

பதிலின் கார்பன் நகலை கிளார்க் காட்டினார். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மனுதாரரே அரசின் அளவைக் கலத்தைக் கழுவி ஆய்வைக் கெடுத்துள்ளார் என்பது பயிற்சி மாணவியின் அறிக்கையால் தெரிய வருகிறது. எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை."

சாம்பல் எங்கே? மறுபடி அளக்க வேண்டும் என்றது எங்கே? அ.விடமே கேட்டேன்.

"கண்ணால பாத்ததெல்லாம் அளவாகுமா? கழுவுனான்னு நீதானம்மா எழுதுன. நானா ஏதாவது சேத்தேன்?"

திருப்பிக் கொடுங்கள் என்றேன். காலையிலேயே ஜீப் திருச்சிக்குப் போய்விட்டதாம். "நல்லா எழுதுற பாப்பா. சர்ட்டிபிகேட்ல அதையும் போட்டுடுறேன்."

பாவி. என் கையெழுத்தை வைத்தே அவளை அடித்துவிட்டான்.

ஏப்ரல் 23, புதன்.

பதில் போய்விட்டதை நேரில் சொல்லிவிடுவது என்று காலனிக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் சரிசெய்துகொண்டே போனேன். வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாடி முழுக்கப் பாத்திரம். அண்டா, குண்டான், சட்டி, தட்டு, குழந்தையின் டம்ளர் வரை, வீட்டில் இருந்த எல்லாம் வானத்தைப் பார்த்து வாய் திறந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் சாம்பல்.

"நீங்க போன அன்னைக்கே வச்சிட்டேன். ஒண்ணையும் தொடலீங்க. சோறு பக்கத்து வூட்டு சட்டியில ஆக்கிக்கிறோம். எது வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க."

கீழே குழந்தை இருமியது.

"புள்ளைக்குக் கஞ்சி காச்ச ஒரே ஒரு சட்டிய மட்டும் எடுத்துக்கிட்டா அளவு கொறஞ்சிருமாங்க?"

எடுத்துக்கங்க என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.