பார்த்து எழுதிய தாள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம்தானே. என் சுகத்தைப் பற்றி ஒரு டாக்டர் எழுத்திலேயே தீர்ப்புக் கொடுத்துவிட்டார், உன் தம்பி கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

உன் நச்சரிப்புத் தாங்காமல்தான் திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் போனேன். அப்பா போனதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன்னிடம் வத்தி வைத்தது யார் என்று கேட்கமாட்டேன். அங்கே நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, பதினைந்து கேள்வி, கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்றாள். கைப்பையில் கண்ணாடி இல்லை. எப்படி இருக்கும், நாற்பத்தாறு வருஷமாக அது உன் அப்பாவின் சட்டைப் பையில்தானே வெளியே கிளம்பும். கட்டம் தெரிந்தது, எழுத்தெல்லாம் எறும்பு. அந்தச் சின்னப் பெண்ணிடம் படித்துக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், காத்திருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கலகலப்பான மனுஷன் தப்பாகவா எழுதியிருப்பார் என்று அவர் டிக் போட்ட கட்டங்களிலேயே நானும் போட்டேன். கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருஷம் படித்தபோது செய்யாத காரியம். அவர் அதைக் கவனித்து, தாளை என் பக்கம் தள்ளி, "நல்லாப் பாத்துக்கோங்கம்மா, ஆனா நான் எந்தப் பரீட்சையிலயும் தேறினதில்ல" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்து, "இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாமலா இருந்தீங்க?" என்றார். உண்மையைச் சொன்னால் காப்பியடித்தவள், சொல்லாவிட்டால் மனம் சரியில்லாதவள். எது கௌரவம் என்று நான் முடிவுசெய்வதற்குள் மருந்தும் எழுதி, வியாழக்கிழமை வரவும் சொல்லிவிட்டார். வாசலில் கார்டு நின்றிருந்தார். மனைவி தவறி எட்டு மாதமாம். "சிரிப்பெல்லாம் வெளியிலதாம்மா, வீட்டுக்குப் போனா லைட்டுகூடப் போடறதில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். பிழை திருத்திக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நர்ஸ் கொடுத்தனுப்பிய தாளின் நகலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லையா, எதிலும் மனம் ஒட்டவில்லையா, இனி இருந்து என்ன என்று தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினைந்திலும் திருத்த ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை போகிறேன். பேரனின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது, தினம் ஒரு பக்கம் எழுத வை. எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். இதைப் படித்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடி வராதே. ஓடி வராதே என்றுதான் சொல்கிறேன், வராதே என்று சொல்லவில்லை.

ஆசிகளுடன்,
அம்மா