கிளை வரிசைக்கு வெளியே

1879 டிசம்பர் 14

ஆறு கரைக்குக் கரை உறைந்துவிட்டது. ஓடக்காரர் பஸ்தியான் கோடரிக் காம்பால் தட்டிப் பார்த்து, பனிக்கட்டி கெட்டியாக உள்ள இடமெல்லாம் மரக்கிளைகளை வரிசையாக நட்டிருக்கிறார். அதை விட்டு எவரும் விலகக் கூடாது. என் வீட்டுக்காரர் அன்செல்ம் அவ்வழியேதான் தீவுக்குப் போய் விறகு கொண்டுவருகிறார்.

டிசம்பர் 17

பாரிஸிலிருந்து தெல்மாஸ் என்று ஓர் ஓவியர். இந்தக் குளிரில் கரையில் நின்றபடியே வரைகிறார். அவர் படத்தில் பனியின் நிழலெல்லாம் நீலம்! "எங்க ஊர்ப் பனிக்குக் காய்ச்சல் கண்டிருக்கா, ஐயா?" என்றாராம் என் வீட்டுக்காரர். விறகுக் கட்டோடு ஆற்றைக் கடக்கும் ஆளாக இவரையே வரையப்போகிறாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் 23

எனக்குப் பிடிக்கவில்லை. கிளை வரிசை வேலி மாதிரி குறுக்கே நின்று படத்தைக் கெடுக்கிறதாம். இவரைத் தள்ளி நடக்கச் சொல்கிறார் ஓவியர்.

"கிளைய வரையாம விட்டாப் போச்சு. நீங்க ஏன் தள்ளி நடக்கணும்?"

"கண்ணுல படுறதைத்தான் வரைவாராம்."

"விழுந்தா அவரா வந்து தூக்குவாரு?"

"போடி, மாடே நடக்குது அதுமேல."

மாடு வரிசைக்குள்தானே நடக்கிறது?

டிசம்பர் 28

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது.

டிசம்பர் 30

காலையில் பஸ்தியான் வந்தார். "ஆறு முனகுது. இன்னைக்கு யாரும் இறங்காதீங்க." மாலை வெயில் சாய்ந்ததும் இவர் தொப்பியை எடுத்தார். ஆளை வரைவது மட்டும்தான் பாக்கியாம், வாக்குக் கொடுத்தாயிற்றாம். கதவை மறிச்சு நின்னேன். தள்ளிட்டுப் போயிட்டாரு. பின்னாலேயே ஓடினேன். தீவுலேர்ந்து திரும்பும்போது, கிளை வரிசைக்கு வெளியே, கட்டோடு, நல்லாத்தான் நடந்து வந்துட்டிருந்தாரு— கரையிலேர்ந்து ஓவியர் கத்தினாரு:

"அன்செல்ம், அப்படியே நில்லுப்பா! அசையாதே!"

நின்னாரு. ஏன் நின்னாரு?

ஜனவரி 4

ஆறு உடைந்து ஓடுகிறது. கொக்கி போட்டு இவரைத் தேடுகிறார்கள்.

ஜனவரி 21

ஓவியர் வந்தார். படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, "இது உங்களுக்குத்தான்மா," என்றார். நீலப் பனி, ஆறு, நடுவில் கறுப்பாக நான்கு தீற்றல்கள். அதுதான் இவராம். கிட்டே போய்த் தேடினேன்.

"முகம் எங்க, ஐயா?"

"அவ்வளவு தூரத்துல முகம் தெரியாதும்மா."

"அப்போ நில்லுன்னீங்களே, அவரு மூஞ்சியப் பாக்கலையா நீங்க?"

 ஓவியர் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

படத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். இவருடைய படம் என்று வேறு எதுவும் என்னிடம் இல்லை. வைத்துக்கொண்டேன்.