படகுப் பின்களின் முதுகு

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. என் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நாளெல்லாம் குளிர்பதனக் கிடங்குக்குள் மீன் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறவனுக்கு மூக்கு வேறு எப்படி இருக்கும்? அத்தான் எப்படி இருக்கிறார்? பேண்ட் வாத்தியக் குழுவில் இன்னும் அவர்தானே டிரம்பெட்? உன் கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது?

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ பாதியில் அழுதுவிடுவாய், நான் பாதியில் எரிந்து விழுவேன். கடிதத்தில்தான் நாம் இரண்டு பேரும் மனிதர்களாக இருக்கிறோம்.

படகுத்துறையில், காத்திருப்புக் கூடத்து மூலைக் கடை காலியாகவே கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தப் படகுத்துறை மேலாளரிடம் பேசிவிட்டேன். புதிதாக ஒரு படகு ஓடத் தொடங்கும்போதெல்லாம் படகுக் கம்பெனி அந்தப் படகின் படம் போட்ட எனாமல் பின் ஒன்று வெளியிடும் அல்லவா? அதைச் சட்டையில் குத்திக்கொள்ள, பெட்டியில் சேர்த்துவைக்க இன்றைக்கும் ஆட்கள் அலைகிறார்கள். ஆனால் முன்பு அங்கே கடை வைத்திருந்தவன் போலியை விற்று, பயணிகள் சண்டை போட்டு, பெரிய ரகளை ஆகிவிட்டதாம். அதனால் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "முதல்ல சரக்கைக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போலியா இருந்தாலும் கடை கிடையாது."

அடுத்த மாதக் கடைசியில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. கடை கிடைத்தால் ஊருக்கு வந்துவிடுவேன். கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டியதுதான்.

இணையத்தில் மொத்தமாகப் பின் வாங்குவது என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் வாங்குகிற மாதிரி. நான் அவசரப்படவில்லை, பயப்படாதே. ஒருவன் மூட்டை மூட்டையாகத் தருகிறேன் என்றான். எத்தனை கேட்டாலும் இருக்கிறது என்றான். பழைய படகின் பின் எத்தனை கேட்டாலும் எப்படி இருக்கும்? விட்டுவிட்டேன். இன்னொருவன் போட்டிருந்த படம் வேறு மூன்று பேரின் விளம்பரத்திலும் இருந்தது. பின்னின் முதுகைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். ஆளையே காணோம்.

கடைசியில் ஓர் அம்மா கிடைத்தார். படகில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுப் படகு விடும்போதெல்லாம் ஊழியர்களுக்கு ஒரு கைப்பிடி பின் கொடுப்பார்களாம். அவர் யாருக்கும் கொடுக்காமல் சேர்த்திருக்கிறார். கேட்டவுடன் முதுகைப் படம் எடுத்து அனுப்பினார். முதலில் கொஞ்சம் வாங்கிப் பார்த்தேன், அசல்தான். அதனால் மிச்சம் முழுவதையும் உன் கடை முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

உன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார். அசல் பின்னின் முதுகில் மெல்லிய அலை அலையாகக் கோடு இருக்கும், அது விளிம்புவரை ஓடும். போலியில் அலை விளிம்புக்கு முன்னாலேயே நின்றுவிடும், இல்லாவிட்டால் அலையே இருக்காது. வண்ணம் குழியை விட்டு வழிந்திருக்கக் கூடாது. விளிம்பு விரலைக் கீறக் கூடாது. எனக்கு உன் கண்ணில்தான் நம்பிக்கை.

உன்
தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். மூக்குக்குத் தைலம் தடவு என்று எத்தனை முறை எழுதுவது? உனக்கு எழுதுவதும் சுவரில் எழுதுவதும் ஒன்றுதான்.

நல்ல செய்தி சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்கள் சரியில்லை, தம்பி.

பார்சல் வந்த அன்று நான் லென்ஸ் வாங்க வெளியூர் போயிருந்தேன். உன் அத்தான்தான் கடையில் உட்கார்ந்திருந்து வாங்கிவைத்தார். நான் திரும்பி வந்தபோது அவர் வாத்தியக் குழுவோடு சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தார். ஆனால் பின்களைப் பிரித்து, கண்ணாடிச் சட்டங்கள் வைக்கும் வெல்வெட் தட்டில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். அவ்வளவு அழகு. ஆளைத் திட்டலாம் என்று வந்தவளுக்கு மனசு வரவில்லை.

கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் குறையே இல்லை. வண்ணம் சுத்தம், விளிம்பு வழவழப்பு. பேஷ் பேஷ் என்று சொல்லிக்கொண்டே முதல் பின்னைத் திருப்பினேன். அலை இல்லை. இன்னொன்றைத் திருப்பினேன். அதிலும் இல்லை. தட்டு முழுவதையும் திருப்பிவிட்டேன், ஒன்றில்கூட இல்லை. முதுகெல்லாம் அப்படி ஒரு பளபளப்பு, அதில் என் மூக்குத்தியே தெரிந்தது. பழைய சாமான் இப்படியா மின்னும்?

சரி, என் கண்ணில்தான் கோளாறோ என்று வேறு கண்ணாடி மாட்டியும் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து அனுப்புகிறவளுக்கு அந்த ஒரு கோடு தெரியாமலா போகும்?

நீ எவ்வளவு விசாரித்து வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். சின்னப் பொட்டலத்தில் அசலைக் காட்டிவிட்டுப் பெரிய பொட்டலத்தில் காலை வாரிவிட்டார் அந்த அம்மா. இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே என்று எழுத வருகிறது. எழுதிவிட்டு நான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அறையில் உனக்கென்று கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். அப்படியே கிடக்கட்டும்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மதிய இடைவேளையில் கிடங்கு வாசலில் நின்று படித்தேன்.

அந்த அம்மாவுக்கு அன்றே எழுதிவிட்டேன். கொஞ்சம் காரமாகத்தான். படகில் சமைத்த கையால் இப்படி ஒரு வேலை செய்யலாமா என்று கேட்டேன். பின் சேர்ப்பவர்கள் குழுவிலும் அவரிடம் யாரும் வாங்காதீர்கள் என்று போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அப்படியே கட்டித் திருப்பி அனுப்பிவிடு, அக்கா. மேலாளரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், நானே வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தத் தாள் மேசை மேல் இருக்கிறது. கண்காணிப்பாளர் தினமும் நினைவுபடுத்துகிறார். "என்னப்பா, போட்டுட்டியா?" இந்த மாதம் முடிவதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவேன். மூன்று வருஷம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

கட்டிலைப் பழையபடி போட்டுவிடு. அத்தான் இருட்டில் இடித்துக்கொள்ளப் போகிறார்.

உன்
தம்பி


மார்ச் 26

டேய் தம்பி,

நேற்றுப் போனில் "கையெழுத்துப் போடாதே, போடாதே, போடாதே" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அழுதேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, சிரிப்பு. பேச முடியவில்லை. அழுகையும்தான் கொஞ்சம். என்ன நடந்தது என்று இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் பார்சலைக் கட்ட உட்கார்ந்தேன். பின்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருக்கும்போது உன் அத்தான் சுற்றுப்பயணம் முடிந்து, டிரம்பெட் பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"திருப்பி அனுப்பறேன். எல்லாம் போலி."

"போலியா! அதையா நான் ரெண்டு நாளா உட்கார்ந்து தேய்ச்சேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதைத் தேய்ச்சீங்க?" என்றேன்.

அவர் பெருமையாகச் சொல்கிறார். "பின்னாடி எல்லாம் கறுத்துப்போய்க் கோடு கோடா அசிங்கமா இருந்துச்சும்மா. பையன் முதல்முதலா கடை வைக்கிறான், இப்படியா கொடுக்கறது? முன்பக்கம் கை வைக்கல, வண்ணம் போயிடும்னு எனக்குத் தெரியாதா? முதுகை மட்டும் உன் மெஷின்ல வச்சு நல்லா மினுக்கிட்டேன். எப்படி இருக்கு?"

கண்ணாடிச் சட்டத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சக்கரம் கடையில் இருக்கிறதே, அதில் வைத்து அலையைச் சுத்தமாக அழித்திருக்கிறார், தம்பி! வாழ்நாளெல்லாம் பித்தளையைத் தேய்த்த மனிதர். கறுப்பு ஏறிய உலோகத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நம் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பது உனக்குத் தெரியாததா?

நான் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோடுதான் அசலுக்கு அடையாளம் என்று சொன்னேன். அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. பிறகு மெல்ல, "எல்லாத்தையும் தேய்க்கலம்மா" என்றார். "சக்கரத்துல கம்பளி தேஞ்சுபோச்சு. மிச்சம் மேசைக்கு அடியில, வந்த பெட்டியிலயே இருக்கு."

ஓடினேன். பிரிக்காத பொட்டலங்கள் பெட்டி நிறைய அப்படியே இருந்தன. வெல்வெட் தட்டின் அழகில் மயங்கி அடியில் கைவிட்டுப் பார்க்காத புத்திசாலி நான்தான். அலை, தம்பி! கறுத்து, அழுக்கேறி, விளிம்புவரை ஓடுகிற அலை! ஒன்று விடாமல் பார்த்தேன். அத்தான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றுக்கும் "இருக்கா? இருக்கா?" என்று கேட்டு என் உயிரை வாங்கிவிட்டார்.

இன்று காலை பொட்டலங்களோடு மேலாளரிடம் போனோம். நீ வேண்டாமென்று அவருக்கு எழுதியிருந்தாய் போல. அதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று சொல்லிப் பெட்டியை நீட்டினேன். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கைக்கு வந்ததையெல்லாம் எடுத்தார், திருப்பினார், நகத்தால் தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சுத்தமான சரக்கும்மா. தம்பி எப்ப வர்றாரு?" என்றார். தேய்த்தவற்றை மட்டும் விற்கவேண்டாம், அசலென்று நிரூபிக்க முடியாது என்றார். அவற்றை வாத்தியக் குழுவினர் ஆளுக்கொன்று சட்டையில் குத்திக்கொண்டுவிட்டார்கள்.

அத்தான் உனக்கு எழுத வெட்கப்படுகிறார். நேற்றிலிருந்து டிரம்பெட்டைத் தொடவில்லை. அவரிடம் கோபப்படாதே. கோபம் வந்தால் என்னிடம் பட்டுக்கொள்.

அந்த அம்மாவிடம் உடனே மன்னிப்புக் கேள். எனக்கு அதை நினைத்தால்தான் கூசுகிறது.

வந்துவிடு, தம்பி. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்காணிப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்ப்பா, சம்பளம் பத்தலையா?" என்றார். "இல்ல சார், எங்க அக்கா வேணாம்னுட்டா" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் அக்கா இருப்பார் போல.

படகில் சமைத்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். குழுவில் போட்டதற்குக் கீழேயே, தப்பு என் பக்கம்தான், இந்த அம்மா தந்தது எல்லாம் அசல் என்று நடந்ததை முழுவதும் போட்டேன். ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும். அவர் உடனே பதில் அனுப்பவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுத்தான் வந்தது. "ஏன் தம்பி, இத்தனை வருஷம் படகுல சமைச்சேன். உப்பு கூடன்னு திட்டு வாங்கியிருக்கேன், ஏமாத்துக்காரின்னு வாங்கினதில்ல. ஒரு ராத்திரி தூங்கல. இப்ப சரியாப்போச்சு. ஆனா அந்த டிரம்பெட்காரர் கையில இனிமே எதையும் கொடுக்காதீங்க." இதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அத்தானுக்கு: நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. என் கடைக்காக இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்த ஒரே ஆள் நீங்கள்தான். டிரம்பெட்டை எடுங்கள். நான் வந்து உங்களைத் திட்டப்போவது நிச்சயம், ஆனால் அது கடைக்குள் உட்கார்ந்துதான்.

அக்கா, உனக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும். எல்லாம் போலி என்று நீ எழுதியபோது கோபப்பட்டேன், அது உண்மை. ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில் அப்பாடா என்றும் இருந்தது. ஊருக்கு வந்து, கடை திறந்து, அது ஓடாவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு அவ்வளவு பயம். இங்கே மீன் பெட்டி என்னை ஒன்றும் கேட்பதில்லை. மூன்று வருஷம், பிறகு இன்னொரு மூன்று வருஷம் என்று தள்ளிக்கொண்டே போக எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நீ போனில் கத்தினாயே, அப்போது பேனா என் கையில்தான் இருந்தது. உன் குரலைக் கேட்டவுடன் அதை மூடி வைத்துவிட்டு, கட்டிலில் படுத்து, போர்வைக்குள் ஓவென்று அழுதேன். அதுவரை எனக்கே தெரியாது, நான் எவ்வளவு வரவேண்டும் என்று இருந்தேன் என்பது. இப்போதும் பயம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், வந்து பயப்பட்டுக்கொள்கிறேன்.

அறையைக் காலி செய்துவிட்டேன். கம்பெனி கொடுத்த கம்பளிக் கோட்டையும் கையுறையையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கட்டிலில் விரிப்புக்கூட இல்லை, இதைப் பெட்டி மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். விமானம் நாளைக்கு. இதைப் போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவேன். அநேகமாக இது உன் கைக்கு வருவதற்குள் நான் வந்து சேர்ந்து, உன்னிடம் இரண்டு தடவை சண்டையும் போட்டிருப்பேன்.

அதனால் இதற்குப் பதில் எழுதாதே, அக்கா. இந்த முகவரியில் வாங்கிக்கொள்ள இனி ஆள் இல்லை.

உன்
தம்பி